மக்காச்சோளம், வத்தல், பிண்ணாக்கில் பூஞ்சாண நஞ்சு: விருதுநகர் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் தை மாதத்தில் அறுவடைக்கு வரும். வழக்கமாக அதற்குள் மழை ஓய்ந்துவிடும். ஓயாத வருஷமும் உண்டு. 2021 ஜனவரியில் தென்மாவட்டங்களில் பெய்த பருவம் தவறிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அறுவடைக்கு நின்ற பயிர் வயலிலேயே நனைந்து முளைவிட்டது.

அப்படிப்பட்ட வருஷத்தில் விளைச்சல் எவ்வளவு போனது, நிவாரணம் எவ்வளவு வரும் என்றுதான் எங்கும் பேச்சாக இருக்கும். நனைந்த சோளத்தை ஓரளவு காயவைத்து மூட்டை கட்டுகிறோமே, அது யார் வயிற்றுக்குப் போகிறது, அங்கே என்ன செய்கிறது என்ற பேச்சு வருவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சிவகாசிக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் வந்ததற்கு இந்த மண்ணின் வறட்சி ஒரு காரணம். மருந்து சீக்கிரம் காய வேண்டும், காய்ந்தது நமத்துவிடக் கூடாது. நமத்த வெடி புஸ்ஸென்று போய்விடும், நஷ்டம் அதோடு முடிந்தது. தானியம் நமத்தால் கதை வேறு. அதில் பூஞ்சாணம் வளர்கிறது, சில பூஞ்சாணங்கள் நஞ்சை விட்டுவிட்டுப் போகின்றன.

அவற்றில் முக்கியமானது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள் தூளாகத் தெரியும். மண்ணிலும் பயிர்க்கழிவிலும் எப்போதும் இருப்பது, காற்றில் பரவுவது. 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஈரமும் கிடைத்தால் வேகமாக வளரும். இது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. கடைசியில் காரணம் தீவனத்தில் சேர்த்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அந்தப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இந்த நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்தது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சாணம் வேறு, நஞ்சு வேறு. வெயிலில் போட்டால் பூஞ்சாணம் காய்ந்து உதிர்ந்துவிடும், தானியம் பார்க்கச் சுத்தமாகவும் இருக்கும். நஞ்சு உள்ளேயே இருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது.

1974-ல் நடந்தது

இந்தியாவில் இந்த நஞ்சு மனிதர்களைக் கொன்ற பெரிய சம்பவம் 1974 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடந்தது. குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் அதை ஒட்டிய ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும் 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலை போல ஒரு நோய் வந்தது. லேசான காய்ச்சல், வாந்தி, பசியின்மை, பிறகு கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கியது. 397 பேர் பாதிக்கப்பட்டார்கள். 106 பேர் இறந்தார்கள்.

காமாலை என்றதும் தொற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் உள்ளிட்டோர் ஊர்களுக்கே போய் விசாரித்தார்கள். நோய், மக்காச்சோளத்தை முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களிடம்தான் இருந்தது. அந்த வீடுகளில் மிச்சச் சோற்றைத் தின்று வளர்ந்த நாய்களுக்கும் அதே போல் வயிறு வீங்கியது, அவையும் செத்தன. மனிதனின் காமாலைக் கிருமி நாயை இப்படிக் கொல்லாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சாப்பாடு. வீடுகளில் இருந்த சோளத்தை எடுத்துச் சோதித்தபோது ஒரு கிலோவில் 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. இன்றைக்கு நம் நாட்டில் தானியத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன்னுக்கே 15 மில்லிகிராம்தான். அந்த மக்கள் சாப்பிட்டது அதைப் போல நானூறு முதல் ஆயிரம் மடங்கு.

எப்படி வந்தது? வறட்சி நிலவிய மானாவாரிப் பகுதி. அறுவடை நேரத்தில் பருவம் தவறிய மழை. நனைந்த கதிரைக் காயவைக்கவோ பத்திரப்படுத்தவோ சரியான வசதி கிடையாது. கையில் வேறு தானியம் வாங்கக் காசும் கிடையாது, அதனால் கெட்டது என்று தெரிந்தும் சாப்பிட்டார்கள். வறட்சி, பிறகு அறுவடை மழை என்ற வரிசையை நம் மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2004-ல் கென்யாவிலும் இதே வரிசைதான். மழையில் அறுத்து ஈரத்தோடு வீட்டுக்குள் அடுக்கிய மக்காச்சோளத்தால் அங்கே 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பக்கம் மக்கள் அரிசி சாப்பிடுகிறார்கள், மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆகவே பஞ்சமகாலில் நடந்தது அப்படியே இங்கே நடக்க வாய்ப்பு குறைவு. நம்முடைய ஆபத்து மெதுவானது. கடலை, வத்தல், பால் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போவது. அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான நஞ்சு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கு இந்த நஞ்சும் சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து 30 மடங்கு வரை கூடலாம். இப்படி வரும் நோயை யாரும் களத்தில் நனைந்த சோளத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதைப் பிடிப்பது கடினம், விளைகிற இடத்திலேயே தடுப்பது சுலபம்.

வயலில்

நஞ்சு குடோனில்தான் தொடங்குகிறது என்று நினைப்பது தவறு. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வறட்சியும் வெயிலும் தாக்கினால் பயிர் பலவீனமாகி, பூஞ்சாணம் வயலிலேயே மணிக்குள் போய்விடும். புழு துளைத்த கதிர் என்றால் கதவைத் திறந்து வைத்த மாதிரி. 2018-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த படைப்புழு இலைக்குருத்தைத் தின்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். அது கதிருக்குள் போய் மணியைக் குடைவதால் வரும் இந்த இரண்டாவது நஷ்டத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

பண்ணைக்குட்டையில் தண்ணீர் இருந்தால் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு உயிர்த்தண்ணீர் கொடுங்கள். அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள். மணியின் அடிப்பாகத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் கறுப்பாக ஒரு அடுக்கு தெரியும். அது வந்துவிட்டால் மணி முற்றிவிட்டது, செடியில் நிற்பதால் எடை கூடாது. பட்டாசு ஆலைகளுக்கு ஆள் போய்விடுவதால் அறுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்துக் கஷ்டம்தான். அதற்காகக் கதிரை இரண்டு வாரம் வயலில் விட்டுவைத்தால் மழைக்கும் பூஞ்சாணத்துக்கும் வாய்ப்புக் கொடுத்ததாகும்.

கடலை போடுபவர்களுக்கு: விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். 40, 45-ம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுங்கள். கடைசி ஒரு மாதத்தில் நிலம் வெடிக்க விடாதீர்கள். பறிக்கும்போது வெட்டுப்பட்ட காயைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

களத்தில்

அறுக்கும்போது மணியில் 25 சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஈரம் இருக்கும். சேமிக்க வேண்டுமானால் 12 சதவீதத்துக்கு வர வேண்டும். நிலக்கடலைக் காய்க்கு 8 சதவீதம், மிளகாய் வத்தலுக்கு 10, 11 சதவீதம். இந்த அளவுக்குக் கீழே பூஞ்சாணத்தால் வளர முடியாது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கதிராகவே முதலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு இயந்திரத்தில் போட்டால் மணி உடையும், உடைந்த மணியில்தான் பூஞ்சாணம் முதலில் ஏறும். உதிர்த்த பிறகு சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிவிடுங்கள். வெறும் மண்ணில் வேண்டாம், மண்ணில்தான் அந்தப் பூஞ்சாணம் குடியிருக்கிறது. சாயந்திரம் பனி இறங்கும் முன் குவித்து மூடுங்கள். காலையில் முதல் வேலையாகத் திறந்துவிடுங்கள். ஈரச் சோளத்தைத் தார்ப்பாயில் மூடி இரண்டு மூன்று நாள் அப்படியே விடுவதுதான் மிக மோசமானது. மூடிய குவியல் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் பூஞ்சாணம் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மழைக்கு மூட வேண்டியிருந்தாலும் மழை விட்ட அரைமணியில் திறந்துவிடுங்கள்.

பல்லில் கடித்துப் பார்த்து 'கடுக்குன்னு இருக்கு, காஞ்சிருச்சு' என்று சொல்வது அனுபவசாலிகளுக்குச் சரி, ஆனாலும் அது ஏமாற்றும். ஈரப்பத மீட்டர் இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. காய்ந்த கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுங்கள். தூள் உப்பை வாணலியில் வறுத்தோ வெயிலில் போட்டோ ஈரமில்லாமல் காயவைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளம், மேலே இரண்டு மூன்று ஸ்பூன் உப்பு. மூடி, ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உள்பக்கம் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, மூட்டை கட்டாதீர்கள். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே வந்துவிட்டது, இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் வெயில் போதும்.

சூடு ஆறிய பிறகே சாக்கில் பிடியுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். வீட்டில் இடம் இல்லையென்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் உலர்களத்தையும் கிட்டங்கியையும் பயன்படுத்தலாம். அங்கே இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். அவசரத்துக்கு ஈரச் சோளத்தை விற்றுவிட்டு, ஈரத்துக்குக் கழிவு பிடிக்கிறார்கள் என்று கமிஷன் கடையில் சண்டை போடுவதைவிட இது மேல்.

பூஞ்சாணம் பிடித்த, சுருங்கிய, உடைந்த மணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நஞ்சு எல்லா மணியிலும் சமமாக இருக்காது, சில மணிகளில் குவிந்திருக்கும். நல்ல சுளகும் பொறுமையும் இருந்தால் நஞ்சில் பெரும்பகுதியைக் குறைத்துவிட முடியும். பொறுக்கியதைக் கோழிக்கோ நாய்க்கோ போடாதீர்கள், நல்ல சோளத்தோடு கலந்து தள்ளிவிடவும் வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள்.

வத்தல் போடுபவர்களுக்கு

விருதுநகர் வத்தல் சந்தைக்குத் தென்மாவட்டங்களில் தனி மதிப்பு உண்டு. வத்தலுக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு மொத்த அஃப்ளாடாக்சின் 10 மைக்ரோகிராம், அதில் மிகக் கொடிய பி1 வகை 5. இதைத் தாண்டியதால் இந்தியாவிலிருந்து போன வத்தல் பலமுறை திரும்பி வந்திருக்கிறது.

பழத்தைப் பறித்து நிறம் ஏறுவதற்காகக் குவித்து வைப்பது வழக்கம். ஒரு இரவு என்றால் பரவாயில்லை, நாள் கணக்கில் வேண்டாம். களத்தில் வெளுத்துப்போன சண்டு வத்தலைத் தனியே பிரித்துவிடுங்கள். அது தூளுக்குத்தானே போகிறது என்று நினைக்காதீர்கள், தூளானால் கண்ணுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் சேர்ந்துவிடும். 2003-ல் ஐரோப்பாவில் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் சாயம் பிடிபட்டு நம் சரக்கின் பெயரே கெட்டது. வெளுத்த சரக்கைச் சிவப்பாகக் காட்டுவதற்குத்தான் அந்த மாதிரிச் சாயம் சேர்க்கிறார்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டை பிடிக்கும்போது வத்தல் நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது. கொஞ்சம் எடையும் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்த சரக்கை ஒரு குடம் தண்ணீரில் கெடுக்கும் வேலை இது. நொறுங்காமல் இருக்க வேண்டுமானால் அதிகாலைப் பனிக்காற்றில் சிறிது நேரம் விட்டு மூட்டை பிடித்தால் போதும்.

பிண்ணாக்கிலிருந்து பாலுக்கு

கடலையை ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயில் போவதில்லை, பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாடு, பி1 நஞ்சை எம்1 என்ற வடிவத்தில் பாலில் விடுகிறது. தின்ற ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் உறையூற்றினாலும் போகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுள்ள பிண்ணாக்கை ஒரு மாடு தினம் இரண்டு கிலோ தின்கிறது, 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனது 400 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் பாலுக்கு வந்தாலும் 8 மைக்ரோகிராம், லிட்டருக்கு 1. பாலுக்கு நம் நாட்டு வரம்பு 0.5. ஐரோப்பாவில் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். மாட்டுத் தீவனத்தில் பி1 நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகும், பாலில் இருக்கும் நஞ்சு சுண்டியதிலேயே சேரும். அந்தப் பெயரைக் காப்பாற்றும் வேலை, சட்டி ஏறுவதற்கு முன்பே மாட்டுத்தொட்டியில் தொடங்குகிறது. நல்ல செய்தி ஒன்று உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். ஆகவே பூஞ்சாண வாடை அடிக்கும் பிண்ணாக்கை, காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று பார்க்காமல் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்காமல் வாரத்துக்கு ஒருமுறை வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால்

கோழி முட்டை குறைகிறது, தடுப்பூசி போட்டும் நோய் தாக்குகிறது, மாடு தீனி எடுக்காமல் பால் குறைகிறது, கன்று மெலிகிறது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் புதுத் தீவன மூட்டை பிரித்த சில நாளில் இப்படி ஆனால் முதலில் அந்த மூட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். மற்ற மூட்டையைக் கொடுத்துப் பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் எந்த நாளில் எந்தத் தீவனத்துக்கு மாறினீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊரில் நாலைந்து வீட்டில் ஒரே வாரத்தில் காமாலை வந்தால் பெரும்பாலும் குடிநீர்தான் காரணமாக இருக்கும். தண்ணீரால் வந்தது ஒரே குழாயில் பிடிக்கும் வீடுகளில் பரவும். தானியத்தால் வந்தது ஒரே சரக்கைச் சாப்பிட்ட வீடுகளில் மட்டும் நிற்கும், 1974-ல் நடந்தது போல நாய், கோழியையும் சேர்த்துத் தாக்கலாம். இதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே சொல்லுங்கள், என்ன சாப்பிட்டீர்கள், அது எங்கே வாங்கியது என்பதையும் சொல்லுங்கள். நாட்டு மருந்து குடித்துப் பார்த்து ஒரு வாரம் கழித்துப் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் ஒரு சின்ன நோட்டு உதவும். எந்த வயல், அறுத்த தேதி, நடுவில் மழை பெய்ததா, எத்தனை நாள் காய்ந்தது, மூட்டை பிடிக்கும்போது ஈரம் எவ்வளவு, யாருக்கு எத்தனை மூட்டை விற்றது என்று நாலு வரி எழுதி, அதே குறியைச் சாக்கிலும் போடுங்கள். பிரச்சினை வந்தால் மொத்தச் சரக்கையும் தள்ளாமல் அந்த ஒரு குவியலை மட்டும் பிரிக்க இதுதான் வழி.

சோதனைக்கு அனுப்பும்போது ஒரு மூட்டையின் மேலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் பயனில்லை. ஒரு மூட்டையில் நஞ்சு இருக்கும், பக்கத்து மூட்டையில் இருக்காது. பத்துப் பதினைந்து மூட்டைகளில் மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு கிலோ எடுங்கள். பாலித்தீன் பையில் வேண்டாம், வியர்த்து வழியிலேயே பூஞ்சாணம் வளரும். துணிப்பையிலோ காகிதப்பையிலோ போட்டு, மேலே தேதியும் குறியும் எழுதுங்கள். தீவனம், மக்காச்சோளம், பிண்ணாக்கை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வத்தலுக்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் தர ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. எதை எங்கே அனுப்புவது என்று குழப்பம் இருந்தால் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பியதில் கால் கிலோவை அதே போல் காகிதப்பையில் போட்டு வீட்டிலும் வைத்திருங்கள், முடிவு வந்து வாங்கியவரிடம் பேச வேண்டியிருந்தால் தேவைப்படும்.